ஆச்சி சொன்ன ஆமென்

சென்ற மாதம் பாளையங்கோட்டையில் தம்பி மகளின் புது வீட்டுக்குப் போயிருந்தேன். வரவேற்பறை மூலையில் எங்கள் ஆச்சி வீட்டுப் பிரம்பு நாற்காலி ஒன்று வார்னிஷ் பளபளப்போடு நின்றது. அதன்மேல் மண்சட்டியில் ஒரு செடி. யாரும் அதில் உட்காரக் கூடாதாம், அழகுக்காம். குனிந்து முகர்ந்து பார்த்தேன். வார்னிஷுக்கு அடியில் தேங்காயெண்ணெய் வாசம் இன்னும் இருப்பதாகத் தோன்றியது. இந்த வயதில் மூக்கு மிகவும் பணிவானது. எதைக் கேட்கிறோமோ அதைக் கொடுத்துவிடும். அந்த எண்ணெய் எங்கள் தலைகளுடையது. அந்த நாற்காலிகளில் நாங்கள் உட்கார்ந்திருந்ததைவிட, அவற்றின் முன் முழங்காலிட்டு முகம் புதைத்திருந்த நேரமே அதிகம். எழுந்திருக்கும்போது பிரம்புப் பின்னல் நெற்றியில் பதிந்திருக்கும். எங்கள் பக்தியின் ஆழத்தை அக்கம்பக்கத்தார் அதை வைத்துத்தான் கணித்தார்கள்.

ஆச்சி ஸ்ரீவைகுண்டத்துக்காரி. வைகுண்டத்தில் வாழ்ந்துவிட்டுப் பரலோகத்துக்குப் போனவள் என்று உறவில் ஒரு கேலி உண்டு. மிஷன் பள்ளிக்கூடத்து ஆசிரியரின் மனைவி. யாரையும் முகத்துக்கு நேரே ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. கிறிஸ்தவ மனுஷிக்கு அது அழகில்லை என்பாள். அதற்கென்றே எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம் இருந்தது.

மாலை மங்கியதும் தாத்தா வேதம் வாசிப்பார், ஆச்சி ஜெபம் பண்ணுவாள். உலக சமாதானத்துக்கு ஒரு வாக்கியம். வடநாட்டு மிஷன்களுக்கு ஊழியக்காரரை அனுப்பும்படி ஒரு வாக்கியம். மீதி நேரம் முழுவதும் எங்களுக்கு. “ஆண்டவரே, மூத்த மருமகளுக்கு நீர் நல்ல கையைத் தந்தீர். அது உப்பு ஜாடிக்குள் போகும்போது மட்டும் சற்றுத் தாங்கிப் பிடியும்” என்பாள். அந்த மருமகள் என் அம்மா. மறுநாள் அம்மா வீம்புக்கு உப்பில்லாமல் குழம்பு வைத்தால், அன்று மாலை, உப்பை முற்றிலும் எடுத்துப்போட்டீரே, உமது சித்தம் என்று ஆச்சி ஆண்டவருக்கே நன்றி சொல்வாள். பாடப் புத்தகத்துக்குள் கதைப் புத்தகத்தை வைத்து வாசிக்கும் பேத்தியையும் ஆண்டவர் அறிவார் என்று ஒருநாள் அறிவித்தாள். ஆண்டவர் அறிந்துதான் இருந்தார். அறியாமல் இருந்தது என் அப்பா மட்டுமே. முழங்காலில் நித்திரை போகிறவர்களையும் நினைத்தருளும் என்று அவள் வேண்டும்போது தாத்தா திடுக்கிட்டு விழித்து, ஜெபம் முடிவதற்கு வெகு முன்னதாகவே ஒரு ஆமென் சொல்வார்.

பதில் சொல்ல வழி கிடையாது. ஜெபத்துக்குக் குறுக்கே பேசுவது பாவம். முடிந்ததும் எல்லாரும் ஆமென் சொல்லியாக வேண்டும். அதன் பொருளோ, அப்படியே ஆகட்டும். குற்றம் சாட்டப்பட்டவரே தீர்ப்பை வாழ்த்திவிட்டுச் சாப்பிட எழுந்து போகும் நீதிமன்றத்தை வேறெங்கும் நான் கண்டதில்லை.

வடநாட்டு ஊழியத்தில் ஆச்சிக்கு இருந்த வைராக்கியத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு வேளையும் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் இடுவாள். மாதக் கடைசியில் அந்தப் பிடியரிசி எங்கள் சபைக் கோயிலுக்குப் போகும். அதை விற்று வடக்கே அனுப்புவார்கள். இப்படிப் பல வருஷம் கேட்டுக்கொண்டே இருந்தால் ஆண்டவருக்கும் பொறுமை எல்லை கடக்குமல்லவா? நர்ஸ் படிப்பை முடித்திருந்த என் அத்தைக்கு, ஆச்சியின் கடைக்குட்டி மகளுக்கு, வடக்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது.

அன்று மாலை ஆச்சி ஆண்டவருக்கு ஒரு திருத்தம் சொன்னாள். “ஊழியக்காரரை அனுப்பும் என்று கேட்டது மெய்தான் ஆண்டவரே. எந்த வீட்டிலிருந்து என்று சொல்லாமல் விட்டது அடியாளின் பிழை. பிள்ளைகள் நிறைந்த வீடுகளை நீர் அறிவீர்.” அவர் ஒருவேளை அறியாதிருந்தால் உதவட்டும் என்று எங்கள் தெருவிலேயே அப்படிப்பட்ட வீடுகள் இரண்டைக் குறிப்பிடவும் செய்தாள்.

அதன்பின் ஒவ்வொரு மாலையும் அதே மன்றாட்டுத்தான். அத்தை பெட்டியை எடுத்துத் துடைப்பாள். ஜெபம் முடிந்ததும் திரும்பப் பரண்மேல் வைத்துவிடுவாள். ஆச்சியிடம் நேரிலேயே கேட்டுவிடச் சொன்னாள் அம்மா.

“நேர்ல கேட்டா, நான் ஒண்ணுஞ் சொல்லலையே தாயீன்னுருவா, மைனி” என்றாள் அத்தை. “அங்கன போயித்தான் கேக்கணும்.”

அங்கனயே போய்க் கேட்டாள். மறுநாள் ஆச்சி ஜெபத்தை முடித்து, ஆமெனுக்காக மூச்சிழுத்த அந்த இடைவெளியில் அத்தையின் குரல் புறப்பட்டது. பிரசங்கத் தமிழ்கூட இல்லை, அடுக்களைத் தமிழ்.

“ஆண்டவரே, எங்க அம்ம இத்தன வருசமா பிடியரிசி எடுத்து வச்சு ஒம்மகிட்ட ஒண்ணுதான் கேட்டா. நீரு அதக் கேட்டுட்டீரு. ஒமக்கு ஸ்தோத்திரம். குடுத்தத இப்பம் வேண்டாங்கா. அவள மன்னிச்சிரும்.”

யாரும் ஆமென் சொல்லவில்லை. தாத்தா அன்றைக்கென்று விழித்திருந்தார். நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். ஆச்சியின் முதுகு மட்டும் தெரிந்தது. ஆமென் இல்லாமல் ஒரு ஜெபத்தை அப்படியே விட்டுவிட அவளால் முடியாது, பாலை அடுப்பில் மறந்துவிட்டுப் போக முடியாததைப் போல. வெகு நேரம் கழித்து, எங்களில் யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல், “ஆமென்” என்றாள்.

பிறகு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பைய எழுந்து, சேலையை உதறிச் சரிசெய்தாள்.

“ஏட்டி, அங்க குளிருமாம்லா. கம்பளி இருக்கா ஒனக்கு?”

மகளிடம் தன் கலக்கத்தை அவள் நேரே சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அத்தை போனபின் உப்பு ஜாடியைப் பற்றிய புகார் குறைந்தது; என் கதைப் புத்தகங்களுக்கும் விடுதலை கிடைத்தது. பிடியரிசி மட்டும் நிற்கவில்லை. ஜெபத்தின் முடிவில் ஆச்சியின் பிரசங்கத் தமிழ் திடீரென்று உதிர்ந்துவிடும். “சாப்பிட்டாளா, என்னன்னு பாத்துக்கிடும்” என்பாள். அதுவரை அவள் ஜெபங்கள் எல்லாம் ஆண்டவரின் விலாசமிட்டு எங்களுக்கு வந்தவை. இதைக் கேட்க வேண்டியவளோ அறையில் இல்லை. எனவே அது, முதன்முதலாக, உரியவரிடமே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

ஆச்சியும் தாத்தாவும் போய்விட்டார்கள். வீட்டை விற்றுப் பங்கு பிரித்தோம். இப்போது நாங்கள் எல்லாரும் படித்தவர்கள், மனம் திறந்து பேசத் தெரிந்தவர்கள். ஆகவே யாரும் யாருடனும் பேசுவதில்லை. அத்தை வடக்கிலேயே தங்கிவிட்டாள். சிலநாள் தொலைபேசியில் அழைப்பாள். சென்ற வாரம், மாலையில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

“முழங்கால் போடத்தான் செய்யுதேன்ட்டீ” என்றாள். “என்னப் பத்திக் குத்தஞ் சொல்லத்தான் ஆளில்ல.”