இழை சேரும்வரை அடித்த மணி

ராஜகுருவை எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அவன் என்ன செய்கிறான் என்பதுதான் ஒருவருக்கும் புரியாது. அருப்புக்கோட்டையில் எங்கள் தெருவில் வீட்டுக்கு இரண்டு விசைத்தறி. அந்த இரைச்சலுக்கு நடுவே டிப்ளமா படித்த ஒருவன் ஒரு பச்சைப் பலகையை வைத்துக்கொண்டு நாள் முழுக்கப் பொத்தான்களைத் தட்டிக்கொண்டிருந்தால் தெரு என்ன நினைக்கும்? மரை கழண்டுவிட்டது என்றுதான் நினைத்தது. அடுத்த வீட்டுக்காரன், கூடப் படித்தவன் என்ற உரிமையில் நான் அதை அவன் முகத்துக்கு நேராகவே சொன்னேன்.

அந்தப் பலகை ஒரு மைக்ரோபிராசசர் கிட், கம்ப்யூட்டரின் மூளையை வைத்துப் பழகுவதற்கானது. தொண்ணூறாம் வருஷம் மதுரையில் ஒரு இன்ஸ்டிட்யூட்டை மூடியபோது வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டு வந்தான். அதற்குத் திரை கிடையாது. சில சிவப்பு எண்கள் எரியும், கீழே கால்குலேட்டர் மாதிரிப் பொத்தான்கள் இருக்கும். ஒவ்வொரு கட்டளையையும் அசெம்பிளி என்கிற மெஷின் பாஷையில் எழுதி, அதை நாமே எண்ணாக மாற்றி, ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டும். பாலிடெக்னிக்கில் எங்களை இரண்டு எண்ணைக் கூட்டச் சொன்னார்கள். கூட்டினோம், மார்க் வாங்கினோம், மறந்தோம். அவன் ஒருவன்தான் அதைக் கட்டிக்கொண்டு அழுதான்.

காரணம் அவன் அம்மா சந்தனம்மாள். புருஷன் போனபின் தனியாளாகத் தறி ஓட்டி மகனைப் படிக்கவைத்தவள். சர்க்கரை வியாதியில் அவளுக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. ஒரு தறியை நிறுத்திவிட்டு இன்னொன்றை மட்டும் ஓட்டினாள். அதிலும் சேலையின் கரையில் பாவு இழை, அதாவது நீளவாக்கில் ஓடும் நூல், அறுந்தால் அவளுக்குத் தெரியாது. தறி பாட்டுக்கு ஓடி, துணியில் நீளமாகக் கோடு விழுந்துவிடும்.

பாவு நூலை உருளையில் சுற்றிக் கொடுத்து, நெய்த சேலையை வாங்கிக்கொள்கிற சங்கரபாண்டியன் நல்ல மனுஷர்தான், ஆனாலும் வியாபாரி. ஒருநாள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அக்கா, கோவிச்சுக்கிடாதீக. போற கடையில எல்லாம் சேலையைத் திருப்பி விடுறாக. இந்தப் பாவோட நிறுத்திக்கிடுவோம்."

"நிறுத்திட்டு? மோட்டுவளையப் பாத்துக்கிட்டு உக்காரவா? அதுவும் தெரியலையே தம்பி" என்று சிரித்தாள் சந்தனம்மாள். சிரித்தபடியே தறிக்கட்டையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

ராஜகுரு குறுக்கே வந்தான். "இழை அறுந்தா தறி தானா நின்னு மணி அடிக்கிற மாதிரி செஞ்சு தாரேன் அண்ணாச்சி. இன்னும் ஒரு பாவு மட்டும் குடுத்துப் பாருங்க."

அவர் அரை மனதாகச் சரி என்றார். அந்த ஒரு பாவுக்குள் அம்மாவின் தறியைக் காப்பாற்றியாக வேண்டும். அதற்குத்தான் அவன் பொத்தானைத் தட்டினான்.

கரை இழைகளில் மெல்லிய தகடுகளைத் தொங்கவிட்டான். இழை அறுந்தால் தகடு கீழே கிட்டோடு இணைத்த செம்புக் கம்பியில் விழும், முடிச்சுப் போட்டால் மேலே எழும்பும்.

"இதுக்கு ஒரு பேட்டரியும் பெல்லும் பத்தாதாலே? எதுக்கு இந்தக் கூத்து?" என்று கேட்டேன்.

"தறி ஆடுற ஆட்டத்துல தகடு சும்மாவே கம்பியில தட்டும். தொட்டதும் நம்பிரக் கூடாது. கொஞ்சம் பொறுத்து மறுபடி பாக்கணும். அந்தப் பொறுமைய நாமதான் எழுதிக் குடுக்கணும்."

பொறுமையை எழுதுவதாவது! ஆனால் எழுதினான். ஒரு எண்ணை வைத்து, ஒவ்வொன்றாகக் குறைத்து, சைபர் ஆகும்வரை அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகச் சொல்வதுதான் அது. திரும்ப வேண்டிய இடத்தின் முகவரியில் பின்பாதியை முதலிலும் முன்பாதியைப் பிறகும் தட்ட வேண்டுமாம். அவன் நேராகத் தட்டிவிட்டு, மெஷின் எங்கேயோ போய்த் தொலைந்ததும் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். அதைச் சரிசெய்தால் கரண்ட் போய்விடும். போனால் தட்டியதெல்லாம் அழிந்துவிடும். எங்கள் ஊரில் கரண்ட் போவதைச் சொல்லவா வேண்டும்? பேப்பரைப் பார்த்து மறுபடி முதலிலிருந்து தட்டுவான்.

சந்தனம்மாள் பக்கத்தில் வந்து உட்காருவாள். "செவப்பா என்னமோ தெரியுதுய்யா" என்று சந்தோஷப்படுவாள். அவள் கேட்டது ஒன்றுதான்.

"நான் முடிச்சுப் போடுற வரைக்கும் மணி அடிக்கட்டும். தடவித் தடவித்தான் போடுவேன், நேரமாகும். நீ ஓடி வந்து நிக்கப்படாது. சொல்றது உன் மெசினு. முடிச்சு என்னோடது."

ஐப்பசி மழையில் ஒருநாள் அது வேலை செய்தது. இழை அறுந்தது, தறி நின்றது, மணி அடித்தது. அவள் தடவிப் பார்த்து முடிச்சுப் போட்டாள். மணி நின்றது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சங்கரபாண்டியன் சேலையை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துவிட்டு, அடுத்த பாவை அனுப்பிவைத்தார். அதற்கடுத்த பாவும் வந்தது.

மாசியில் ஒரு முற்பகல். ராஜகுரு முன்ரூமில் ஒரு ரேடியோவைப் பிரித்துப் போட்டிருந்தான். உள்ளே மணி அடித்தது. பக்கத்து வீட்டில் எனக்கும் கேட்டது. அவள் சொன்னபடி அவன் எழுந்து போகவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"என்னம்மா, நுனி கெடைக்கலையா?" என்று குரல் கொடுத்தான். பதில் இல்லை. கோபித்துக்கொள்வாளே என்று இன்னும் கொஞ்சம் பொறுத்தான். பிறகுதான் போனான்.

தறிச் சட்டத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அறுந்த இழையின் ஒரு நுனி விரல்களுக்கு நடுவே இருந்தது. அவன் போட்ட சத்தத்தில் நான் ஓடினேன். டாக்டர் வந்து பார்த்து மாரடைப்பு என்றார், முடிந்துபோய்க் கொஞ்ச நேரம் ஆகிறது என்றார். அந்த அமளியில் மணியை யாரும் நிறுத்தவில்லை.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. துக்க வீட்டு ஆண்பிள்ளை முதலில் தன் வீட்டுத் தறி லைனின் ப்யூஸ் கட்டையைப் பிடுங்கி வாசலில் வைக்க வேண்டும். அதைப் பார்த்துத் தெருவே தறியை நிறுத்தும். பால் தெளித்து வந்தபிறகுதான் கட்டையைத் திரும்பச் சொருகுவார்கள். ராஜகுருவின் கிட்டுக்கும் அதே லைனில்தான் கரண்ட்.

"கட்டையப் பிடுங்குய்யா" என்றார் ஒரு பெரியவர்.

அவன் தறியிடம் போனான். அம்மாவின் விரலிலிருந்து அந்த நுனியை மெதுவாக எடுத்தான். மறு நுனியைத் தேடி முடிச்சுப் போட்டான். மணி நின்றது. அதன்பிறகு போய்க் கட்டையைப் பிடுங்கினான். சிவப்பு எண்கள் அணைந்தன. ஒவ்வொரு வீடாகத் தெரு அடங்கியது.

பால் தெளித்த அன்று கட்டையைச் சொருகியபோது கிட்டில் ஒன்றும் இல்லை. பேப்பர் அப்படியே இருந்தது, உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் தட்டிவிடலாம். அவன் தட்டவில்லை. மீதிப் பாவை அவனே கண்ணால் பார்த்துப் பார்த்து ஓட்டி முடித்து, தறியை விலைக்குக் கொடுத்துவிட்டான். பிறகு பஸ் ஸ்டாண்டு பக்கம் டிவி ரிப்பேர் கடை போட்டான். கல்யாணம் செய்தான். சிரிக்கவும் செய்கிறான், இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்தக் கிட்டை மட்டும் தொட்டதில்லை.

போன வருஷம் எனக்குப் பொறுக்கவில்லை. "அவ்வளவு கஷ்டப்பட்டு எழுதுனதாச்சேலே. ஒரு கோளாறும் இல்லாம ஓடுச்சு. ஏன்லே விட்ட?"

கையிலிருந்த சால்டரிங் அயர்னைக் கீழே வைத்தான்.

"ஆமாலே, கோளாறே இல்ல. இழையப் பாருன்னு சொன்னேன், பாத்துச்சு. பொறுத்துப் பாருன்னு சொன்னேன், பொறுத்துச்சு. அம்மாவப் பாருன்னு நான் அதுக்குச் சொல்லலயே."

அயர்னின் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுச் சொன்னான்: "நானும் பொறுத்துக்கிட்டுல்ல இருந்தேன்."