மறு ஆட்டத்துக்கு ஏழு சீட்டு

காசிமாயன் தன் அப்பனைப் பார்த்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அப்பன் காளை இருந்த ஒத்தப்பனைப்பட்டி ஒன்றும் சீமையில் இல்லை. மதுரைக்கு மேற்கே நாகமலையைத் தாண்டி, விடியலில் நடக்கத் தொடங்கினால் வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். இடையில் கடல் இல்லை, காடு இல்லை. ஒரு சட்டம் இருந்தது.

அந்தச் சட்டப்படி, அந்த ஊரில் அந்தச் சாதியில் பிறந்த ஆண்பிள்ளை மீசை அரும்பியதும் போலீசிடம் கைரேகை வைக்க வேண்டும். ரேகை வைத்தவன் இரவில் தன் வீட்டில் படுக்கக் கூடாது. போலீசார் போட்ட கொட்டகையில்தான் படுக்க வேண்டும். அடுத்த ஊருக்குப் போவதென்றால் ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். அவன் திருடினானா என்று யாரும் கேட்கவில்லை. இன்ன வயிற்றில் பிறந்தான் என்பதே குற்றம். சாஸ்திரத்தைக் காட்டி நம்மவர்கள் ஆயிரம் ஆண்டுகளாகச் செய்துவந்த அதே வேலையை வெள்ளைக்காரன் மைப்பெட்டியை வைத்துக்கொண்டு செய்தான். வித்தியாசம் அவ்வளவுதான்.

காசிமாயன் கட்டைவிரலில் மை படுவதற்குள் ஓடி வந்துவிட்டவன். மதுரையில் பஞ்சாலை வேலை கிடைத்தது. நகரத்துப் போலீசார் அவனைத் தேடவில்லை. ஊர் எல்லையில் கால் வைத்தால்தான் பிடிப்பார்கள். ஓடிப்போனவனைப் பெற்றவர் என்பதால் காளைக்கு மதுரைப் பக்கம் போகச் சீட்டே கிடையாது. பெண்களுக்கு ரேகை இல்லை. ஆகையால் தாய் சீனியம்மாள் மட்டும் வாரம் ஒருமுறை முட்டைக் கூடையோடு தெற்குவாசலுக்கு வந்துபோனாள். அப்பனுக்கும் மகனுக்கும் நடுவே பேச்சு அந்தக் கூடையோடுதான் போய் வந்தது.

ஆலை விட்டதும் காசிமாயன் வைகை மணலுக்குப் போய்விடுவான். தெற்குவாசல் சடுகுடு அணியில் அவன்தான் பெரிய கை. அவன் மூச்சுப் பிடித்துப் பாடிப் போனால் எதிராளிகள் கடைசிக் கோடு வரைக்கும் ஒதுங்குவார்கள். அணித் தலைவர் யூனுஸ், தகரப் பெட்டி செய்து விற்பவர்.

1936இல், அறுவடை முடிந்த சமயம், மேற்கிலிருந்து ஓர் இன்ஸ்பெக்டர் யூனுஸின் கடை தேடி வந்தார். ஒத்தப்பனைப்பட்டியைப் பார்வையிட ஒரு பெரிய துரை வரப்போகிறார். ரேகைக்காரர்கள் திருந்தி விளையாட்டில் இறங்கிவிட்டார்கள் என்று அவருக்குக் காட்ட ஓர் ஆட்டம் வேண்டும். ஊரில் ஏழு பேரைப் பழக்கி வைத்திருக்கிறது. மதுரை அணி வந்து ஆடினால் வண்டிக் கூலி, கறிச்சோறு, ஒரு வெள்ளிக் கோப்பை.

"ஒங்க செட்டுல ஒருத்தன் எங்க ஊர்ப் பயன்னு தெரியும்," என்றார் இன்ஸ்பெக்டர், மூலையில் நின்ற காசிமாயனைப் பார்க்காமலே. "வரட்டும். ஆடிட்டு அப்பனையும் பாத்துட்டுப் போகட்டும். அன்னைக்கு ஒருநா அவன் மேல கை வைக்க மாட்டோம்."

காசிமாயன் காதில் அதற்கு மேல் எதுவும் விழவில்லை.

யூனுஸ் ஒரு பெட்டி மூடியைத் தட்டி நிமிர்த்திக்கொண்டே கேட்டார். "மறு ஆட்டம் எப்ப சார்?"

அந்தக் காலத்தில் அது ஒரு முறை. இந்த ஊர்க்காரர்கள் அந்த ஊருக்குப் போய் ஆடினால், அந்த ஊர்க்காரர்கள் இங்கே வந்து ஆடித் தீர வேண்டும். மறு ஆட்டம் இல்லாத ஆட்டம் செல்லாது. ஜெயித்தவனும் ஜெயித்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

"அது எப்பிடி முடியும்? அவனுக ரேகைக்காரனுக. சீட்டு வேணும், காவல் வேணும்."

"சீட்டு நீங்க குடுக்குறதுதான. காவல் எதுக்கு? ஆட வந்தவனுக்குப் பின்னால போலீஸ் நின்னா, அவன் மூச்சப் பிடிப்பானா, முதுகப் பாப்பானா?"

"நல்லா வேடிக்கையாப் பேசுறீங்க பாய்."

"அவுங்க எங்க ஊருக்கு வர முடியாதுன்னா நாங்களும் அங்க வரல. அம்புட்டுத்தான் சார்."

இன்ஸ்பெக்டர் படியிறங்கியதும் கடைக்குள் சண்டை தொடங்கியது.

"ஒங்களுக்கென்னண்ணே," என்றான் காசிமாயன். "பொழுது சாஞ்சா ஒங்க அத்தா கடைக்கு வந்து ஒங்களோட டீக் குடிக்கிறாரு. எங்கய்யா மூஞ்சி எனக்கு மறந்தே போச்சு."

யூனுஸ் சுத்தியலைக் கீழே வைத்தார். "நாம போயி ஆடுனா துரை கை தட்டுவான் மாப்ள. சட்டம் நல்லா வேலை செய்யுது, பயலுக சந்தோசமா இருக்கானுகன்னு மேல சொல்லுவான். அதுக்கு நம்ம மூச்சு சாட்சியா?"

"போகலைன்னா சட்டத்த எடுத்துருவானா?"

"எடுக்க மாட்டான்."

"பெறகு?"

"நம்மள வச்சு நல்ல பேரு வாங்க மாட்டான்."

தையல் மிஷினோடு பகலெல்லாம் மாரடிக்கும் சிக்கந்தர்தான் அணியின் கோமாளி. "வெள்ளிக் கோப்பையில டீக் குடிக்கலாம்னு இருந்தேன்," என்று பெருமூச்சு விட்டான். யாரும் சிரிக்கவில்லை. காசிமாயன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

இன்ஸ்பெக்டர் சும்மா இருக்கவில்லை. ஆற்றுக்கு வடகரையில் ஓர் அணியைப் பிடித்துவிட்டார். வடகரைக்காரர்கள் காசிமாயனுக்கு ஆள் விட்டார்கள். எங்கள் பனியனைப் போட்டுக்கொண்டு வா, அப்பனைப் பார், திரும்பி வந்து உன் பழைய செட்டிலேயே ஆடிக்கொள். அவன் சரியென்றே சொல்லிவிட்டான்.

அந்தச் சனிக்கிழமை முட்டைக் கூடையோடு வந்த சீனியம்மாளிடம் அதைச் சொன்னான்.

"எதுக்கு?" என்றாள் அவள், வைக்கோலை ஒதுக்கி முட்டைகளை அடுக்கிக்கொண்டே.

"அய்யாவப் பாக்க."

"ஒங்கய்யா எங்கயும் ஓடிப்போயிராது. ஓட விட மாட்டாங்கெ." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "மொக்கையன் கேக்கப் போறான்டா."

மொக்கையன்தான் ஒத்தப்பனைப்பட்டி ஏழு பேருக்கும் தலைவன். இன்ஸ்பெக்டர் ஊருக்குத் திரும்பி, மதுரைக்காரனுக்கு எம்புட்டுத் திமிரு பாத்தீங்களா, ஒங்கள மறு ஆட்டத்துக்கு மதுரைக்கு அனுப்பணுமாம் என்று சொல்லிச் சிரித்திருக்கிறார். அவர் சிரித்தார், கேட்டுக்கொண்டு நின்றவர்கள் சிரிக்கவில்லை. அதுவரை அப்படி ஒன்றைக் கேட்கலாம் என்றே அவர்களுக்குத் தோன்றியதில்லை. துரை முன்னாலேயே கேட்டுவிடுவதென்று ஏழு பேரும் பேசி வைத்திருந்தார்கள்.

"கேட்டா அடிப்பாங்கெ ஆத்தா."

"அடிக்கத்தான் செய்வாங்கெ. அவன் பொண்டாட்டி சின்னத்தாய் பத்துப் போட மஞ்சளே அரைச்சு வச்சிட்டா." அவள் கூடையைத் தலைக்குத் தூக்கினாள். "அவன் கேக்குற நேரத்துல நீ எதுத்தாப்புல பனியனோட நின்னா என்னாகும்? இந்தா ஒங்க ஊர்ப் பயலே சம்மதிச்சு வந்து ஆடுறான்னு ஒன்னயக் காட்டுவான் இன்ஸ்பெக்டரு. மொக்கையன் எந்த மூஞ்சியோட கேப்பான்?"

காசிமாயன் கூடையைப் பிடித்து நிறுத்தினான். "அய்யா என்ன சொல்லுச்சு?"

"வராதேன்னு சொல்லச் சொல்லுச்சு. சொல்லிட்டு அங்குட்டுத் திரும்பிக்கிருச்சு."

அவன் வடகரைக்காரர்களிடம் பனியனைத் திருப்பிக் கொடுத்தான். யூனுஸிடமும் பேசவில்லை. ஆட்டம் நடந்த அன்று ஆலையில் நூல் அறுந்துகொண்டே இருந்ததாக மேஸ்திரி அவனைத் திட்டினார்.

அன்று நடந்ததை வடகரைக்காரர்களே வந்து சொன்னார்கள். ஆட்டம் முடிந்து துரை கை குலுக்க வந்தபோது, மொக்கையன் கை நீட்டியபடியே மறு ஆட்டத்துக்குச் சீட்டு கேட்டான். இன்ஸ்பெக்டர் அதை, தங்களுக்கு நன்றி சொல்கிறான் என்று இங்கிலீஷில் மாற்றிச் சொன்னார். மொக்கையன் விடவில்லை. ஏழு விரல்களை நிமிர்த்திக் காட்டினான். தன் ஆட்களைக் காட்டினான். கிழக்கே கையை நீட்டி, "மருத, மருத" என்றான். துரைக்குப் புரிந்துவிட்டது. வடகரை அணியோடா என்று தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் கேட்டார். "இல்ல சாமி, வராதவுகளோட," என்றான் மொக்கையன்.

துரை அந்த இடத்திலேயே தலையாட்டினார். ஓர் ஊரையே பிறப்பைக் காட்டிக் கொட்டகையில் அடைப்பதில் அந்த மனிதருக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. ஆட்டத்துக்கு மறு ஆட்டம் இல்லை என்பதுதான் அநியாயமாகப் பட்டது. ஊரார் யாரைத் தேர்ந்தெடுத்தாலும் அந்த ஏழு பேருக்கு ஒரு பகலுக்குச் சீட்டு கொடுக்கச் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

கார்ப் புழுதி அடங்குமுன் இன்ஸ்பெக்டர் மொக்கையனைக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப் போனார். சின்னத்தாய் அரைத்து வைத்த மஞ்சள் போதவில்லை. வலது கை ஒடிந்திருந்தது. ஏழாவது ஆள் இல்லாமல் எப்படி ஆடுவார்கள், சீட்டை வைத்து என்ன செய்வார்கள் என்று இன்ஸ்பெக்டர் நினைத்திருக்க வேண்டும்.

மறு ஆட்டத்தன்று வைகை மணலில் நல்ல கூட்டம். கரையில் மஃப்டியில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒட்ட வெட்டிய பிடரியைப் பார்த்தே போலீஸ் என்று எல்லோருக்கும் தெரிந்தது. மேற்கேயிருந்து நடந்து வந்த ஏழு பேரும் வேட்டியைத் தார்பாய்ச்சிக்கொண்டு கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றார்கள்.

"மாப்ள," என்றான் சிக்கந்தர், "ஒங்க ஊருல ஆளே கெடைக்கலையா? கடைசில ஒரு கெழவனக் கொண்டாந்து நிறுத்தியிருக்காங்கெ. பாத்து மெதுவாத் தொடு."

காசிமாயன் பார்த்தான். காளை வற்றிப்போயிருந்தார். இடுப்பில் கையை ஊன்றி, ஆட்டம் தெரிந்தவரைப் போல நின்றுகொண்டிருந்தார்.

யூனுஸ் மணலைப் பார்த்தபடி சொன்னார். "நீ பாடிப் போ."

காசிமாயன் நடுக்கோட்டைத் தாண்டினான். சடுகுடு சடுகுடு என்று பாடிக்கொண்டே போனான். ஒத்தப்பனைப்பட்டிக்காரர்கள் ஆறு பேரும் இரண்டு பக்கமும் விலகி வழி விட்டார்கள். கடைசிக் கோட்டருகே காளை இரண்டு கையாலும் மகனின் இடுப்பைக் கட்டிப் பிடித்தார். அவனை மூன்று ஆள் சேர்ந்து பிடித்தாலும் திமிறிக்கொண்டு வருவான் என்பது மதுரைக்கே தெரியும். அன்று அவன் திமிறவில்லை. மூச்சு விட்டுப்போயிற்று. நடுவர் விசில் ஊதினார். ஒருமுறை ஊதினார், திரும்பவும் ஊதினார்.

"விடுய்யா. நான் அவுட்டு."

"எளைச்சுப் போயிட்ட," என்றார் காளை.

"ஒனக்கு ஆடவே தெரியாதேய்யா."

"ஆடவா வந்தேன்."

கரையில் இருந்த இருவரும் எழுந்து நின்று பார்த்தார்கள். விதிப்படி பிடித்த பிடி. அவர்கள் என்ன செய்ய முடியும்?

இருட்டுமுன் கொட்டகைக்குத் திரும்ப வேண்டும் என்பதால் சாப்பிடக்கூட நேரமில்லை. யூனுஸ் கட்டுச்சோறு கொடுத்தனுப்பினார். பாலம் வரை காசிமாயன் அப்பனோடு நடந்தான். திரும்பி வந்து, யூனுஸின் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தான். இருவரும் டீ வரவழைத்துக் குடித்தார்கள்.

அந்தச் சட்டம் இன்னும் பதினோரு வருடம் இருந்தது. மொக்கையனின் கை கோணலாகவே கூடிற்று. துரை கொடுத்த உத்தரவை ரத்து செய்ய யாருக்கும் தோன்றாததால் அறுவடை முடிந்தால் ஆட்டமும் மறு ஆட்டமும் நடந்தன. காளை இருந்தவரை ஏழாவது ஆள் அவர்தான். ஒத்தப்பனைப்பட்டி ஒரு தடவைகூட ஜெயிக்கவில்லை. ஏன் அவரையே அனுப்புகிறீர்கள் என்று ஊரில் யாரும் கேட்டதும் இல்லை.