பதினைந்து கோடி ஆண்டு பஸ் பயணம்

எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடக் கண்காட்சிக்குப் பிள்ளைகள் சுவரில் ஒட்டக் கொண்டுபோகும் மட்டைகளை அம்மாமார்தான் எழுதுவோம். ரீச்சர்மாருக்கும் அது தெரியும். ஒருவரும் வாய் திறப்பதில்லை.

நான்காம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்குக் கிடைத்த தலைப்பு, சூரியனை விட்டால் நமக்குக் கிட்ட இருக்கும் நட்சத்திரத்துக்குப் போக எவ்வளவு காலம் எடுக்கும் என்பது. மூன்று நாள் தேடி வாசித்து எழுதினேன். தூரம் நாலேகால் ஒளியாண்டு. செக்கனுக்குப் பதினேழு கிலோமீற்றர் ஓடும் விண்கலத்துக்கே ஏறத்தாழ எழுபத்தையாயிரம் ஆண்டு எடுக்கும். எழுத்துச் சரிகிறதோ, நிறம் கூடிவிட்டதோ என்று இரண்டு தரம் மட்டையை மாற்றினேன்.

மகள் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. கொப்பியின் நடுத்தாளைக் கழற்றித் தானே ஒன்று செய்தாள். பருத்தித்துறையில் இருந்து யாழ்ப்பாணம் ஓடும் எங்கள் பஸ்ஸில் போனால் எவ்வளவு காலம்?

"மணிக்கு அறுபது எண்டு போடு பிள்ளை."

"அது எங்கையம்மா அறுபதிலை போறது? நெல்லியடியிலை நிக்கும். கைகாட்டுற இடமெல்லாம் நிக்கும். முப்பதுதான்."

பதினைந்து கோடி ஆண்டுக்கு மேல் வந்தது. கல்குலேற்றரில் நானும் போட்டுப் பார்த்தேன். சரிதான். ஆனாலும் காலையில் என் மட்டையைத்தான் சுருட்டிக்கொண்டு போனேன்.

நான் மண்டபத்துக்குள் நுழைவதற்குள் அவள் தன் தாளைச் சுவரில் ஒட்டிவிட்டாள். ரீச்சர் வந்து பார்த்தார்.

"உது என்ன? பஸ்ஸிலை ஆரும் நட்சத்திரத்துக்குப் போவினமே?"

அங்கு நின்ற அம்மாமார் சிரித்தார்கள்.

"றொக்கற்றிலையும் இன்னும் ஒருத்தரும் போகேல்லைத்தானே ரீச்சர்" என்றாள் மகள்.

ரீச்சர் என் பக்கம் திரும்பினார். "அம்மா, நீங்கள் கொண்டந்ததைத் தாங்கோ. உதைக் கழட்டுவம். வலயக் கல்விக் கந்தோரிலை இருந்து பார்க்க ஆக்கள் வருகினம்."

மகள் ரீச்சரைப் பார்க்கவில்லை. சுருட்டிய மட்டையைப் பிடித்திருந்த என் கையையே பார்த்தாள். இதைக் கொடுத்தால் இனி அவள் ஒன்றையும் தானாகச் செய்யமாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. என் வாழ்க்கையில் எந்த ரீச்சருக்கும் "ஓம்" தவிர வேறு சொன்னதில்லை. அன்றும் அதுதான் நாக்கு நுனி வரை வந்தது.

"இல்லை ரீச்சர். இது நான் செய்தது. அது பிள்ளை செய்தது. அதுதான் சுவரிலை இருக்கும்."

"புள்ளி குறையும்."

"குறையட்டும்."

அம்மாமார் தங்கள் தங்கள் மட்டைகளைப் பார்த்தார்கள். பக்கத்தில் நின்றவர் என் காதுக்குள், "எங்களையுமெல்லே காட்டிக் குடுத்திட்டீர்" என்றார்.

தாள் சுவரில் இருந்தது. பின்னேரம் ஒரு பிள்ளையின் தகப்பன் அதன் முன்னால் நெடுநேரம் நின்றார். அந்த வழி பஸ்ஸில் கொண்டக்டர்.

"பிள்ளை, நெல்லியடியிலை பத்து நிமிசம் நிப்பம். அதையும் சேர்த்தனியோ?"

"சேர்த்திட்டன் மாமா."

"அப்ப கணக்குச் சரி."

பரிசு கிடைக்கவில்லை. வீடு வரும் வழியெல்லாம் யோசித்தேன். மரியாதை குறைவாகக் கதைத்துவிட்டேனா, மகளை நாளைக்கு வகுப்பில் கடைசி வாங்கில் இருத்திவிடுவார்களா, போய் மன்னிப்புக் கேட்பதா? கேட்பதில்லை என்று படலையைத் திறக்கும்போது முடிவெடுத்தேன். என் மட்டையை விரித்துக் கவிழ்த்துப் போட்டேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"அடுத்த கண்காட்சிக்கு இதிலை எழுது" என்று அவளிடம் கொடுத்தேன். "நான் தொடமாட்டன்."