நான் ஓட்டாத ஃபோர்க்லிஃப்ட்

பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவரை எல்லோரும் டைப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வேலைக்கே போகாத ஆளுக்கும் ஒரு பக்கம் நிறைய பயோடேட்டா அடித்துக் கொடுப்பார். காகிதத்தில் பாதி காலியாகக் கிடந்தால் அவருக்குச் சோறு இறங்காது.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். அப்பாவுக்கு வேலை போய் நான்கு மாதமாகிவிட்டது. எனக்கு ஒரு வேலை அமையாவிட்டால் தம்பியும் என்னைப் போலப் பாதியில் நிற்க வேண்டியதுதான்.

இதுவரை என்ன வேலை பார்த்தாய் என்று அக்கா கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். அவர் விடவில்லை, தோண்டித் துருவினார். மாமா கடையில் சோப்பு அடுக்கியதைச் சொன்னேன். 'இருப்புப் பராமரிப்பு' என்று அடித்தார். அத்தைக்கு வேளை தவறாமல் மாத்திரை எடுத்துக் கொடுப்பது 'நோயாளி பராமரிப்பு' ஆயிற்று. திரையில் இருந்தவள் எனக்கே பெரிய ஆளாகத் தெரிந்தாள்.

அக்காவிடம் ஒரு பழக்கம். புதிதாக எதையும் தொடங்க மாட்டார். முன்னால் வந்தவரின் பயோடேட்டாவைத் திறந்து அதன் மேலேயே அடிப்பார். எனக்கு முன்னால் வந்தவர் கிடங்கில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிற அண்ணன். பெயர் மாறியது, வயது மாறியது, கடைசி வரி மட்டும் அப்படியே நின்றது: ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவதில் ஏழு ஆண்டு அனுபவம். பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். அக்கா மூச்சு விடாமல் பேசினார். நடுவில் புக எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் மருந்து பாட்டிலுக்கு லேபிள் ஒட்டும் கம்பெனியில் மேலாளர் காகிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்களாம்மா ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினீங்க?"

"இல்ல சார். எனக்கு முன்னாடி வந்த அண்ணனோடது. அடிக்கும்போதே பார்த்தேன்."

"பார்த்துட்டு ஏன் சொல்லல?"

"அவங்க பேசிட்டே இருந்தாங்க சார்."

சிரிப்பை அடக்க அவர் படாத பாடு பட்டார். தப்பாக ஒட்டிய லேபிளைக் கண்டுபிடிக்கத்தான் ஆள் தேடுகிறோம், கண்டும் சொல்லாத ஆளை வைத்து என்ன செய்வது என்றார். கத்தித்தான் சொல்ல வேண்டுமா என்று கேட்டேன்.

"வேணாம். சிவப்பு பட்டன் இருக்கு. அழுத்தினா மெஷின் நின்னுடும். அதாவது செய்வீங்களா?"

நான் விரலை நீட்டினேன். அவர் மேசையில் மாதிரிக்கு வைத்திருந்த ஐந்து பாட்டில்களில் மூன்றாவதில் லேபிள் தலைகீழாக இருந்தது.

அதை அவர் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு திங்கட்கிழமை வரச் சொன்னார்.

நடந்ததை டைப் அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"நான் வேணும்னேதான்டி விட்டேன். இல்லன்னா நீ வாயத் திறந்திருப்பியா?"

சொல்லிக்கொண்டே என் பயோடேட்டாவைத் திறந்து, அதன் மேல் ஒரு மீசைக்கார லாரி ஓட்டுநருடையதை அடித்து முடித்தார். அச்சடிக்கப் போகும்போது பார்த்தேன். 'நோயாளி பராமரிப்பு' வரி அப்படியே நின்றது; மீசைக்காரரும் அத்தைக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

நான் விரலை நீட்டினேன்.