ஆறு இடது செருப்புகள்

சென்னிமலைக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. குடியா, சீட்டா என்று கேட்காதீர்கள். அதுவாக இருந்தால் அவர் மனைவி மயிலம்மாள் ஒரே வாரத்தில் சரி செய்திருப்பாள். யாராவது "சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டால் போதும், "நல்லாருக்கறனுங்க" என்று சொல்லிவிடுவார். அது பரம்பரைச் சீக்கு. அவருடைய அப்பா உயிர் போகிற அன்றைக்கும், பார்க்க வந்தவர்களிடம், "நல்லாருக்கறனுங்க, இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினார்.

எழுபத்தொன்றாம் வருஷத்துச் சண்டையில், பட்டாளத்தில் நாயக்காக இருந்த சென்னிமலையின் வலது முட்டியில் குண்டுச் சிதறல் பாய்ந்தது. நாற்பது சதவீத ஊனம் என்று எழுதி, ஊனமுற்றோர் பென்ஷன் கொடுத்து, சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் இருந்த சொந்த ஊருக்கு அனுப்பி வைத்தார்கள். சில வருஷத்துக்கு ஒரு முறை பட்டாளத்து ஆஸ்பத்திரிக்குப் போய் மருத்துவக் குழுவிடம் காலைக் காட்டி வர வேண்டும். எழுபத்தெட்டில் அப்படிப் போனவர் சந்தோஷமாகத் திரும்பி வந்தார். மூன்று மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. ஊனம் இப்போது பதினைந்து சதவீதம்தானாம். இருபதுக்குக் கீழே போனால் ஊனப் பென்ஷன் கிடையாதாம்.

மயிலம்மாள் அன்றே அவரை இழுத்துக்கொண்டு சேலத்துக்குப் பஸ் ஏறினாள். அங்கே முன்னாள் ராணுவத்தாருக்கு மனு எழுதித் தரும் சின்னண்ணன் இருந்தார். அவரும் பழைய பட்டாளத்து கிளார்க்தான். காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அம்மிணி, டாக்டர் எப்படி இருக்குதுன்னு கேட்டிருக்காரு. உங்க ஊட்டுக்காரரு 'நல்லாருக்கறனுங்க'ன்னு சொல்லியிருக்காரு. யாதொரு குறையும் இல்லை என்கிறார்னு அப்படியே எழுதி வச்சுட்டாங்க."

"அது மரியாதைக்குச் சொன்னதுங்க."

"மரியாதைன்னு எழுதறதுக்கு ஃபாரத்துல எடமில்லை அம்மிணி. ஆறு மாசத்துக்குள்ள அப்பீல் போடலாம். மறுபடியும் ஒரு குழு பார்க்கும். மேல முடிவு பண்றவங்க ஆளப் பார்க்கமாட்டாங்க. அந்தக் குழு எழுதற காகிதத்தைத்தான் பார்ப்பாங்க. இந்தத் தடவை வாயைத் தொறந்து வலிக்குதுன்னு சொல்லச் சொல்லுங்க."

பென்ஷன் நின்றால் ஆத்தூரில் ஜவ்வரிசி செய்யும் சேகோ பாக்டரியில் காவல் வேலைக்குப் போக வேண்டியதுதான். பன்னிரண்டு மணி நேரம் கேட்டில் நிற்கிற வேலை. சந்தைக்குப் போய் வந்தாலே அவர் முட்டி புடைத்துக்கொள்ளும்.

அதனால் அப்பீல் போட்ட அன்றே பயிற்சி தொடங்கியது. பட்டியில் இருந்த மூன்று மேச்சேரி ஆடுகளை வரிசையாகக் கட்டி, "இவிங்கதான் டாக்டருங்க, சொல்லுங்க" என்றாள். ஆடுகளிடம் அவர் அருமையாகச் சொன்னார். எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது, ஒன்று விடவில்லை. வேலிக்கு அப்பால் யாரோ நின்று, "என்னங்க மாமா, சௌக்கியமா?" என்றார்கள்.

"நல்லாருக்கறனுங்க!"

மயிலம்மாள் ஆடுகளை அவிழ்த்து விட்டாள். வேறென்ன செய்வது? குழுவிடமிருந்து அழைப்பு வந்ததும், டிஸ்சார்ஜ் புத்தகத்தைத் தேடிப் பரணில் கையை விட்டாள். ஒரு சாக்கு சரிந்து அவள் தலையில் விழுந்தது. உள்ளே ஆறு இடது செருப்புகள், எல்லாம் புதுசு. வலது காலை இழுத்து இழுத்து நடப்பதில் வலது செருப்பு தேய்ந்து போகும். சந்தையில் ஒற்றைச் செருப்பு யார் விற்பார்கள்? ஒவ்வொரு தடவையும் புது ஜோடி வாங்கி வலதை மட்டும் மாட்டிக்கொள்வார்; இடது காலில் பழையதே கிடக்கும். வலது கால் இல்லாத ஆள் யாராவது வந்தால் கொடுக்கலாம் என்று மிச்சத்தை அவள்தான் பத்திரப்படுத்தியிருந்தாள். ஐந்து வருஷமாக அப்படி ஒருவரும் வரவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

மதராஸ் ரயிலில் அந்தச் சாக்கும் ஏறியது. "இதெதுக்கு புள்ளே?" என்று அவர் கேட்டதற்கு, "பேசாம வாங்க" என்றாள்.

ஆஸ்பத்திரியில் மயிலம்மாளைக் கதவுக்கு வெளியே உட்கார வைத்தார்கள். உள்ளே மூன்று டாக்டர்கள். நடுவில் இருந்த கர்னல் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். சென்னிமலை பூட்ஸ் இல்லாத காலை பூட்ஸ் போட்டதுபோல் அடித்து, விறைப்பாக நின்று சல்யூட் வைத்தார்.

"கால் எப்படி இருக்கிறது?" என்று கர்னல் கேட்டார்.

"நல்லாருக்குதுங்க சார்!"

போச்சு. மயிலம்மாள் சாக்கைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். காவலுக்கு நின்ற சிப்பாய் தடுப்பதற்குள் உள்ளே போய், மேசைமேல் சாக்கைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். கர்னலுடைய பேனாமேலும் டீக் கோப்பைமேலும் செருப்புகள் உருண்டன. அடிக்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து ஒரு டாக்டர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"சாமி, இவரு வாயைக் கேக்காதீங்க. இவரு செருப்பக் கேளுங்க. ஆறும் இடதுங்க, தொடவே இல்லை. வலது ஆறும் தேஞ்சு குப்பைக்குப் போச்சுங்க. ஏழாவது அந்தக் கால்ல கெடக்குது, பாருங்க."

கர்னல் குனிந்து அந்த வலது செருப்பைக் கழற்றச் சொல்லிக் கையில் வாங்கினார். வெளி ஓரம் முழுக்கத் தேய்ந்து, முன்பக்கம் ஓட்டை விழுந்திருந்தது. அவர் சிரிக்கவில்லை. தரையில் குந்தச் சொன்னார். சென்னிமலை பாதி இறங்கி, மேசையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். நெற்றியில் வேர்த்தது.

"நாயக் சென்னிமலை!" கர்னலின் குரல் பரேடு மைதானத்துக் குரலாக மாறியது. "இது உத்தரவு. உண்மையைச் சொல். வலிக்கிறதா?"

உத்தரவு என்றதும் சென்னிமலையின் முதுகு நிமிர்ந்தது. "வலிக்குதுங்க சார்," என்றார். பிறகு நிறுத்த முடியவில்லை. வரப்பில் ஏறினால் வலிக்கிறது, கிணற்றுப்படி இறங்கினால் வலிக்கிறது, மழைக்காலத்தில் முட்டிக்குள் யாரோ திருகுகிற மாதிரி இருக்கிறது என்று எட்டு வருஷத்து வலியையும் கொட்டினார். டாக்டர்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். ஆடுகளிடம் சொன்னது இதில் பாதிகூட இல்லை, இவ்வளவு இருந்ததா என்று மயிலம்மாள் நினைத்துக்கொண்டாள். அவள் செருப்புகளைப் பொறுக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டே அழுதாள்.

எட்டு மாதம் கழித்து அப்பீல் முடிவு வந்தது. நாற்பது சதவீதம், ஆயுள் முழுவதும். இனிமேல் குழு முன்னால் போய் நிற்க வேண்டாம். தபால்காரர் கடிதத்தைப் படித்துச் சொல்லிவிட்டு, "அப்பறம் என்னங்க, கால் சௌக்கியந்தானுங்களே?" என்றார்.

"நல்லாருக்குதுங்க," என்றார் சென்னிமலை.

மயிலம்மாளுக்கு வந்த சிரிப்பில் புரை ஏறிவிட்டது. இந்த மனுஷனை என்ன செய்வது? தபால்காரரின் சைக்கிள் தெரு திரும்பும்வரை சென்னிமலை விறைப்பாக நின்று பார்த்தார். அப்புறம் கட்டிலில் மெல்ல உட்கார்ந்து, வேட்டியை முட்டிக்கு மேலே ஒதுக்கினார்.

"மயிலு," என்றார். "வலிக்குது புள்ளே. கொஞ்சம் எண்ணெய் தேச்சு உடறயா?"