கசப்புப் பொடியும் வெள்ளிக்கிழமைச் சட்டியும்

அந்தப் பொடியை எனக்குக் கொடுத்தது என் மனைவியின் அண்ணன். ராஜபாளையத்தில் நூற்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சும்மா உட்கார முடியாமல், யாரோ சொல்லி, பொடி விற்கத் தொடங்கியிருந்தார். டப்பாவின் மேல் ஒரு வயதான கணவனும் மனைவியும் சிரித்துக்கொண்டு நின்றார்கள். இரண்டு பேருக்கும் பல் எல்லாம் இருந்தது. எனக்கு அதிலேயே முதல் சந்தேகம் வந்துவிட்டது.

"காலைல ஒரு சிட்டிகை, மதியம் ஒரு சிட்டிகை, சாப்பாட்டுக்கு முந்தி. தண்ணி ஊத்தி முழுங்கிராதிய மாப்ள. நாக்குல போட்டு அப்படியே அடக்கி வச்சுக்கிடணும். எச்சியோட கரைஞ்சு எறங்கணும். அதுலதான் விசயமே இருக்கு" என்றார் மச்சான்.

"ஆஸ்பத்திரி மாத்திரை?" என்று கேட்டேன்.

"அது எதுக்கு? மாத்திரை தின்னு தின்னு எத்தன பேரு கிட்னி போயி கெடக்கான் தெரியுமா?"

டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். அடியில், கண்ணில் படக் கூடாது என்று வேண்டிக்கொண்டு அடித்தது போலப் பொடி எழுத்தில், இது மருந்து அல்ல, உணவோடு சேர்த்துக்கொள்ளும் துணைப்பொருள் என்று போட்டிருந்தது. மச்சானிடம் அதைக் காட்டவில்லை. எனக்கு யாரிடமும் எதிர்த்துப் பேச வராது. வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். மாத்திரையை மட்டும் நிறுத்தவில்லை.

எனக்குச் சர்க்கரை இருப்பது மனைவிக்கும் மச்சானுக்கும் மட்டும்தான் தெரியும். வேலை செய்யும் இடத்தில் யாருக்கும் தெரியாது. தெரியக் கூடாது. காரணம், என் வேலை அப்படி. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவா கடையின் பின்கட்டில் சட்டி கிண்டுகிறேன். எனக்கு முன்னால் அந்தச் சட்டியில் நின்றவருக்குச் சர்க்கரை வந்து காலில் புண் ஆறாமல் போனது. முதலாளி நல்ல மனிதர். "சீனிய வச்சே பொழைக்கிற எடத்துல சீனிக்காரன நிறுத்துனா பாவம் என்னைய வந்து சேரும்" என்று சொல்லி மறுநாளே அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அவர் இப்போது மடவார் வளாகத்துக் கோயில் பக்கம் ஒரு கடை நிழலில் உட்கார்ந்திருப்பதை, வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் பார்க்கிறேன். நான் படித்தது பள்ளிக்கூடத்தோடு சரி. வேறு வேலை தெரியாது. சட்டியை விட்டால் நானும் அந்த நிழலில்தான்.

அதனால் பொடியை ஒரு காகிதத்தில் மடித்துக் கொண்டுபோய், பின்கட்டில் புளிய விறகு அடுக்கியிருக்கும் இடத்தில் ஒரு கட்டைக்கு அடியில் சொருகி வைத்தேன். விறகு எடுக்கிற சாக்கில் போய் ஒரு சிட்டிகை வாயில் போட்டுக்கொள்வேன். கசப்பு என்றால் வேப்பிலைக் கசப்பு இல்லை. வேப்பிலை நாக்கோடு போய்விடும். இது தொண்டையில் இறங்கி, காதுக்குள் ஏறி, கண்ணில் தண்ணீர் வரவைக்கும். அடுப்புப் புகையில் நின்றால் எல்லோருக்கும் கண்ணீர் வரும் என்பதால் யாரும் கேட்கவில்லை.

கடையில் வேலை இப்படித்தான் நடக்கும். பாலைச் சுண்டவிட்டு நான் கிண்டுவேன். சீனி அளந்து போடுவதற்கு ஒரு பெண் இருக்கிறாள். சோழபுரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவள். வாய் ஓயாது. அவள் அளந்து போட்ட பிறகு, பதம் வரும் நேரத்தில் நான் ஒரு சொட்டைப் புறங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பேன். பால் எல்லா நாளும் ஒரே பால் இல்லை. பசுவின் தீவனம் மாறினால் பாலும் மாறும். குறைந்தால் இன்னும் கொஞ்சம் சீனி போடச் சொல்வேன். அந்த ஒரு சொட்டுக்குத்தான் என்னை மாஸ்டர் என்கிறார்கள்.

வெள்ளிக்கிழமைகளில் இறக்கும் முதல் சட்டிக்கு மட்டும் இது கிடையாது. அது ஆண்டாள் படத்துக்கு வைக்கிற சட்டி. சாமிக்குக் காட்டுவதற்கு முன் யார் நாக்கும் அதில் படக் கூடாது. அளந்து போட்டதோடு சரி. எப்படி வருகிறதோ அப்படி. தீபாராதனை காட்டிய பிறகு எங்களுக்கு ஆளுக்கு ஒரு துளி, மீதி கடைக்குப் போகும்.

பொடி தொடங்கிய சில நாட்களில் சீனி குறைய ஆரம்பித்தது.

புறங்கையில் விட்டு நக்கினால் பால் வாசம் இருந்தது, தீயின் வாசம் இருந்தது, இனிப்பு இல்லை. போடச் சொன்னேன். போட்டாள். மறுபடி நக்கினேன். அப்போதும் இல்லை. இன்னும் போடச் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வை சரியில்லை என்று எனக்குப் பட்டது.

எல்லாச் சட்டியிலும் குறைந்திருந்தால் புது மூட்டை சரியில்லை என்று விட்டிருப்பேன். காலையில் ஒன்றிரண்டு சட்டியில் குறையும். பிறகு வருவது சரியாக இருக்கும். சாப்பாட்டு நேரத்துச் சட்டியில் மறுபடி குறையும். மூட்டை ஒன்றுதான், அளக்கிற படியும் ஒன்றுதான். சிலதில் மட்டும் குறைகிறது என்றால் அது கைவேலை என்று முடிவு செய்தேன். அவள் டிபன் தூக்கு சற்றுப் பெரியது. போகும்போது அதைத் துணிப்பையில் வைத்து, பையை முந்தானையால் மூடிக்கொள்வாள். வருகிறபோது அப்படி மூடியதில்லை. அல்லது நான் பார்த்ததில்லை.

கேட்க வாய் வரவில்லை. பார்க்க மட்டும் செய்தேன். அவள் சீனி அள்ளும்போது கையைப் பார்த்தேன். மூட்டைப் பக்கம் குனிந்தால் நிமிரும் வரை பார்த்தேன்.

"என்ன அண்ணாச்சி, எங்கையவே பாக்குதிய? மோதரம் கீதரம் போட்டு விடப் போறியளா?" என்றாள் ஒருநாள்.

பக்கத்தில் பெட்டி மடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சட்டிக்குள் பார்த்துக்கொண்டேன்.

முன்கடையிலிருந்து புகார் வரத் தொடங்கியது. குறைகிறது என்று இல்லை. தெகட்டுகிறது என்று. எனக்கு அதுவும் சந்தேகமாகவே இருந்தது. குறைந்ததைத்தானே நான் சரிசெய்கிறேன், பிறகு எப்படித் தெகட்டும்? என்னை எடுத்துவிட்டு வேறு ஆள் வைக்க யாரோ சொல்லிக் கொடுத்து நடக்கிற பேச்சு என்று நினைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை முதலாளி பின்கட்டுக்கே வந்துவிட்டார். சாமி சட்டி அப்போதுதான் இறங்கியிருந்தது. தீபாராதனை முடிந்து அவரே எல்லோருக்கும் உள்ளங்கையில் வைத்தார். வழக்கமாக நான் அதைக் காகிதத்தில் வாங்கி, பிறகு சாப்பிடுகிறேன் என்று சொல்லிப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொண்டுபோய்விடுவேன். அன்று அவர் எதிரிலேயே நின்றார். பிரசாதத்தை மறுக்க முடியாது. வாயில் போட்டேன்.

"பாத்தியளாய்யா, இதுல்லா பால்கோவா! இதே சீனி, இதே பாலு. பொறவு வார சட்டி மட்டும் ஏன் பாகு மாதிரி இழுக்கு?" என்றார்.

எல்லோரும் தலையாட்டினார்கள். பெட்டி மடிக்கிறவர் விரலை நக்கினார். என் வாயில் இருந்தது வெந்த மாவு. அதில் இனிப்பு என்பது ஒரு துளிகூட இல்லை.

அவள் திருடவில்லை என்பது அந்த நேரத்தில்தான் தெரிந்தது. சாமிக்கான சட்டியில் யாரும் கை வைக்க மாட்டார்கள். இத்தனை பேர் ருசிக்கிறார்கள், எனக்குத் தெரியவில்லை என்றால் செத்திருப்பது என் நாக்கு. சர்க்கரை முற்றினால் பாதத்தில் உணர்ச்சி போகும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எனக்கு நாக்கிலிருந்து தொடங்குகிறது என்று நினைத்தேன். வீட்டில் இனிப்பே கிடையாது. காப்பியும் சீனி இல்லாமல்தான். சட்டியில் நக்குகிற சொட்டைத் தவிர வேறு எந்த இனிப்பும் என் நாக்குக்கு வராததால், எப்போதிருந்து இப்படி என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

மதியம் வயிற்றுவலி என்று பொய் சொல்லிவிட்டு ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறினேன். மச்சான் ஒரு பாயில் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தார். சொன்னேன். பயந்த முகத்தோடு சொன்னேன் என்று நினைக்கிறேன். அவர் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"அட மாப்ள, இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்திய? அதுல சிறுகுறிஞ்சான் எல இருக்குல்லா. அது நாக்குல பட்டா செத்த நேரம் இனிப்பு தெரியாது. பொறவு தானா வந்துரும். அந்த எலைக்கே அதான் கொணம். நான் ஆளுக கையில ஒரு சிட்டிகையக் குடுத்து வாயில போடச் சொல்லி, மேல சீனியக் குடுப்பேன். மண்ணு மாதிரி இருக்கும்பான். நாக்குல இருக்க இனிப்பையே கொன்னுருச்சே, ரத்தத்துல இருக்கத விடுமான்னு கேப்பேன். ஒடனே வாங்கிட்டுப் போயிருவான்."

"எனக்கு ஏன் சொல்லல?"

"நீங்க சீனி திங்கப் போறதில்லயே, எதுக்குன்னு விட்டுட்டேன்."

சட்டியில் நக்கித்தான் என் பிழைப்பு ஓடுகிறது என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. நாக்கு திரும்பிவிடும் என்பதில் எனக்கு மூச்சு வந்தது. ஆனால் வாங்க வருகிறவர்களிடம் அவர் கேட்கிற கேள்வி மனதில் உட்கார்ந்துகொண்டது. நாக்கு வேறு, ரத்தம் வேறு இல்லையா? நாக்கை ஏமாற்றியதைக் காட்டிவிட்டு, ரத்தத்துக்கும் அதையே சாட்சியாக்குகிறாரே.

தண்ணீர் குடிக்கச் சமையல்கட்டுக்குப் போனேன். பானைக்கு மேல் அலமாரியில் ஆஸ்பத்திரியில் கொடுக்கிற வெள்ளைக் கவர் இருந்தது. என்னிடம் இருக்கிற அதே மாத்திரை. பாதி அட்டை காலியாகியிருந்தது. நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"அது பாட்டுக்கு அது ஒரு பக்கம் ஓடும் மாப்ள" என்றார். குரல் இறங்கியிருந்தது. "எம் பொண்டாட்டி போட்டாத்தான் ஆச்சுங்கா. அவ தொல்லைக்குப் போடுதேன்."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் டப்பாவில் சிரித்த கணவனும் மனைவியும் எத்தனை மாத்திரை போடுவார்கள் என்று யோசித்துக்கொண்டு வந்தேன்.

பொடியை விட்டுவிடுவது, நாக்கு வந்துவிடும், யாருக்கும் எதுவும் தெரியாமல் சட்டியில் நிற்பது என்று தீர்மானித்திருந்தேன். மறுநாள் காலை உள்ளே நுழைந்தபோது முதலாளி விறகு அடுக்கின் பக்கத்தில் நின்றிருந்தார். அவர் கையில் என் காகித மடிப்பு இருந்தது. பக்கத்தில் அவள்.

"நான் சொன்னேம்லா மொதலாளி. அண்ணாச்சி வெறகு எடுக்கப் போவாக, வாயில என்னத்தையோ அடக்கிட்டு வருவாக, பொறவு வந்து சட்டிய நக்குவாக. என்னையத் திருடி கணக்கா மொறச்சு மொறச்சுப் பாத்தா நான் என்ன பண்ண?"

முதலாளி என்னைப் பார்த்தார். "பொகையிலையா?"

நான் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டப் பார்த்தேன்.

"சாமிக்கு வைக்கிற எடத்துல பொகையிலைய அடக்கிட்டு நிக்கியளாய்யா? வெள்ளிக்கெழமையும் இப்படித்தானா?"

புகையிலை என்று ஒத்துக்கொண்டால் அன்றைக்கே வெளியே. இல்லை என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். சொன்னாலும் வெளியே. இரண்டையும் வாய்க்குள் உருட்டிக்கொண்டு நின்றேனே தவிரச் சொல் வரவில்லை. அவர் பொறுமையிழந்து காகிதத்தைப் பிரித்து மோந்து பார்த்தார். பிறகு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

அவர் முகம் போன போக்கைப் பார்த்து அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். முதலாளி துப்பினார், வாய் கொப்பளித்தார், கடைசியில் கசப்புப் போக என்று தட்டிலிருந்து ஒரு கை பால்கோவாவை அள்ளிப் போட்டார். மென்றார். மெல்லுவதை நிறுத்தினார்.

"ஏய்யா, என்னத்தப் போட்டு வச்சிருக்கீரு? இனிப்பே தெரியல! நாக்கு செத்துப் போச்சு!"

"செத்த நேரத்துல வந்துரும் மொதலாளி" என்றேன். அன்று நான் பேசிய முதல் பேச்சு அதுதான். "அது சீனி வியாதிக்கு."

பால் பொங்கப் போகிறதே என்று நான் ஓடிப்போய்த் துடுப்பைப் பிடித்தேன். விடவில்லை. பிடித்துக்கொண்டே நின்றேன். முதலாளி அவ்வப்போது ஒரு சீனிக் கல்லை வாயில் போட்டுப் பார்த்து, நாக்கு திரும்பும் வரை அங்கேயே ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அது திரும்பிய பிறகுதான் பேசினார்.

"கிண்டுறதுக்கு நாக்கு வேண்டாம்லா?"

"வேண்டாம்."

"அப்ப நீரு கிண்டும். இனிமே ஒம்ம நாக்குல ஒரு சொட்டு படப்படாது. ருசி இந்தப் பிள்ள பாக்கட்டும்."

அப்படித்தான் இப்போது நடக்கிறது. பொடியை நிறுத்திவிட்டேன். மாத்திரையும் நடையுமாகப் போகிறது. போன முறை ரத்தம் சோதித்தபோது சர்க்கரை கொஞ்சம் குறைந்திருந்தது. மச்சான் அதைப் பொடியின் மிச்சம் என்கிறார். தினம் அத்தனை சட்டி நக்கியதை விட்டதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

மாஸ்டர் என்று இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. யாரை அப்படிக் கூப்பிடுவது என்று அவர்களுக்கே குழப்பம். பதம் வந்ததும் அவள் புறங்கையை நீட்டுவாள். நான் ஒரு சொட்டு விடுவேன். நக்கிவிட்டு, "சரியா இருக்கு" என்பாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவ்வளவு சீக்கிரம் எப்படித் தெரியும்?

"இன்னொருக்கா பாரு தாயி."

"நம்பலேன்னா பொறவு எதுக்கு அண்ணாச்சி எங்கிட்டக் கேக்குதிய?" என்று சொல்லிக்கொண்டே மறுபடி கையை நீட்டுகிறாள். இன்னொரு சொட்டு விடுகிறேன்.