பத்து விநாடிக்குள் எழுந்த பெரியவர்

பகலெல்லாம் நின்றுபோன லிஃப்டுகளை ஓட வைப்பது அந்த மெக்கானிக்குக்குச் சம்பளத்துக்கு. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர்களை நிற்க வைப்பது ஆத்ம திருப்திக்கு.

பின்னறை அலமாரியில் ஏழு கம்ப்யூட்டர்கள் இருந்தன. ஏழிலும் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ். மூத்ததற்குப் பதினெட்டு வயது. அதைப் ‘பெரியவர்’ என்பார். இளையது கையகல லேப்டாப், அது ‘சின்னவர்’.

“பெரியவர் இன்னைக்குக் கொஞ்சம் சூடா இருக்கார்” என்று அவர் கவலைப்பட்டால், “என் தம்பிய ஒரு நாளாவது இவ்வளவு மரியாதையா பேசியிருக்கீங்களா?” என்பாள் மனைவி.

அவள் பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறாள். ஹாலில் டிவிக்கும் வாசல் மணிக்கும் நடுவே கிடக்கும் கட்டிலைப் பின்னறைக்குக் கொண்டுபோய், ஞாயிற்றுக்கிழமை பகலில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் லட்சியம். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள் கடைசியில் கெடு வைத்தாள்.

“ஏழுல ஒண்ணாவது வெளியில ஒரு மனுஷனுக்கு உபயோகப்படட்டும். சனிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். இல்லன்னா மொத்தமும் பழைய இரும்புக் கடைக்கு.”

அந்த வாரமே டாக்டரின் கிளினிக்கில் ஒரு கம்ப்யூட்டர் உயிரை விட்டது. காத்திருப்பவர்களுக்கு டோக்கன் நம்பர் காட்டும் கம்ப்யூட்டர் அது. மெக்கானிக் முகத்தில் அன்று தெரிந்த பிரகாசம், இழவு வீட்டுக்குப் பொருத்தமானதல்ல.

பெரியவரைத் தயார் செய்ய நான்கு மாலைகள் பிடித்தன. நம்பர் காட்டும் வேலை முதல் மாலையே முடிந்துவிட்டது. மீதி மூன்றும் வேகத்துக்கு. சுவிட்ச் போட்டதும் எழுந்திருக்கப் பெரியவர் முப்பத்தொரு விநாடி எடுத்துக்கொண்டார். பத்துக்குள் கொண்டுவராவிட்டால் நாளை லினக்ஸ் பிரியர்கள் குழுவில் தலை காட்ட முடியுமா? சின்னவரை மடியில் வைத்து, கேபிள் வழியாகப் பெரியவருக்குள் புகுந்து, இது எதற்கு, அது எதற்கு என்று வேண்டாததையெல்லாம் வெட்டித் தள்ளினார். சவுண்டு போயிற்று. கேமரா போயிற்று. பிரிண்டர் போயிற்று. ஒன்பது விநாடி! மனிதர் அறைக்குள் தனியாக ஆடினார்.

சனிக்கிழமை காலை டாக்டர், பஞ்சைக் கடித்திருந்த இருவர், வீங்கிய கன்னத்தோடு ஒரு வாத்தியார் ஆகியோர் முன்னிலையில் பெரியவர் ஒன்பதே விநாடியில் எழுந்து நின்று பாஸ்வேர்டு கேட்டார்.

மெக்கானிக் கீபோர்டில் தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் பலமாகத் தட்டினார்.

“கீபோர்டு கெட்டுப்போச்சா?” என்றார் டாக்டர்.

கீபோர்டு கெடவில்லை. வேண்டாதவற்றோடு சேர்த்து, கீபோர்டைப் புரிந்துகொள்ளும் பகுதியையும் மூன்றாம் மாலையே வெட்டியாகிவிட்டது. எல்லாவற்றையும் சின்னவரிலிருந்தே தட்டிக்கொண்டிருந்தவருக்கு அது தெரியவே இல்லை. இப்போதுதான் தெரிந்தது. மனைவியோ பழைய இரும்புக் கடையின் போன் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அவர் பையைக் கவிழ்த்தார். மணிபர்ஸை மறந்தாலும் சின்னவரையும் ஒரு கேபிளையும் மறக்காத ஜென்மம். இரண்டையும் இணைத்துச் சின்னவரில் தட்ட, சுவரிலிருந்த பெரிய திரையில் ‘1’ என்று ஆளுயரத்துக்கு நம்பர் தெரிந்தது. பஞ்சைக் கடித்திருந்தவர்கள்கூடக் கை தட்டினார்கள்.

“அப்போ ஒரு கம்ப்யூட்டரை ஓட்ட இன்னொரு கம்ப்யூட்டர் வேணுமா?” என்றார் டாக்டர்.

“டாக்டருக்கு நர்ஸ் வேண்டாமா?” என்றாள் மனைவி, சட்டென்று. சின்னவரைத் தன் மேசைக்கு இழுத்துக்கொண்டாள். “டோக்கன் ஒண்ணு யாருங்க?”

வாத்தியார்தான். இவ்வளவு நேரம் முதல் ஆளாகக் கை தட்டியவர், இப்போது திரும்பித் தன் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார். சுவரோ அசையாமல் அவரையே காட்டியது. எழுந்து போனார்.

நாலு நம்பர் தட்டுவதற்குள் மனைவிக்குக் கை பழகிவிட்டது. ஐந்தாவதைத் தட்டும்போது முகத்தில் விமானம் ஓட்டுகிற களை.

“கட்டில் ஹால்லயே கிடக்கட்டும்” என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மெக்கானிக் பெரியவரை ஆசையாகத் தட்டிக்கொடுத்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

“இல்ல... ரெண்டு பேரும் இங்க வந்துட்டதால அலமாரியில இடம் காலியா இருக்கு, அதுல இன்னும் ஒரு ரெண்டு...”

“வாய மூடுங்க!” என்று மனைவி போட்ட சத்தத்தில், உள்ளே நாற்காலியில் சாய்ந்திருந்தவரும் வாயை மூடிக்கொண்டார். டாக்டர் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று.